லாஸ்ட் நேம் கட்டத்தில் யார் பெயர்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியதும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை ஒரு இமெயில் கணக்கு தொடங்குவது. அங்கே முதல் திரையிலேயே இரண்டு கட்டங்கள் வந்து நிற்கும். ஒன்று ஃபர்ஸ்ட் நேம், மற்றது லாஸ்ட் நேம். மௌஸைப் பிடித்தபடி கொஞ்சம் யோசிப்போம். பிறகு ஒரு கட்டத்தில் பெயரையும் இன்னொன்றில் இனிஷியலையும் போட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவோம். சிலர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். சிலர் ஒரு புள்ளியை மட்டும் வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றப் பார்ப்பார்கள். நான் இந்தக் கடைசி ரகம்.

அந்த இரண்டு நொடித் தடுமாற்றம் எங்கெல்லாம் போய் முடிகிறது என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் ஒரு வாடிக்கையாளர் செலவில்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எனக்கு ஒரு சிறிய நெட் சென்டர் இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் அவுட், ஜெராக்ஸ் போக, சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து தருவதும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் எப்படி மாறியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. அப்படி ஒரு சிஎன்சி பட்டறை முதலாளிதான் அந்த வாடிக்கையாளர்.

அவருடைய உண்மைப் பெயர் வேண்டாம். கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் சோமசுந்தரம். இந்தப் பெயர்களை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2017-இல் அவருக்கு நான்கு பக்க இணையதளம் ஒன்று செய்து கொடுத்தேன். தொடர்புப் பக்கத்தில் 'எங்கள் முகவரியைச் சேமிக்க' என்று ஒரு பட்டன் வைத்தேன். அதை க்ளிக் செய்தால் ஒரு விகார்டு கோப்பு இறங்கும். விசிட்டிங் கார்டின் கம்ப்யூட்டர் வடிவம் என்று அதைச் சொல்லலாம். பார்க்கிறவர் திறந்தால் பெயர், போன், இமெயில் எல்லாம் அவருடைய முகவரிப் புத்தகத்தில் தானாகப் பதிந்துவிடும். அதில் ஃபர்ஸ்ட் நேம் கந்தசாமி, லாஸ்ட் நேம் சோமசுந்தரம் என்று போட்டேன். வேறென்ன போடுவது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

மூன்று மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். "தம்பி, எங்கப்பாவுக்கு மெயில் வந்திருக்கு" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. வெளிநாட்டில் ஒரு நிறுவனம் விலைப்பட்டியல் கேட்டு எழுதியிருந்தது. 'டியர் மிஸ்டர் சோமசுந்தரம்' என்று ஆரம்பித்து, உங்களுடைய நீண்ட அனுபவத்தை மதிக்கிறோம் என்றெல்லாம் இருந்தது. அவருடைய அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அண்ணே, அவங்க உங்களைத்தான் சொல்றாங்க" என்று விளக்கினேன். "அது தெரியுது தம்பி. ஆனா என் பேரு என்னன்னு அந்த மெயில்ல எங்கேயுமே இல்லையே" என்றார்.

அந்த நிறுவனத்தின் மேல் தப்பில்லை. அவர்களுடைய மெயில் மென்பொருள் 'மிஸ்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் லாஸ்ட் நேம் கட்டத்தில் இருப்பதை எடுத்துப் போடும். கட்டத்தை நிரப்பியது நான்.

கட்டத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு வலைப்பக்கத்தில் 'கந்தசாமி, உரிமையாளர்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் புரியும். கம்ப்யூட்டருக்கு அது வெறும் எழுத்து வரிசை. கந்தசாமி ஆளா, கோயிலா, தெருவா என்று அதற்குத் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரியாத குறிச்சீட்டுகளை அந்த எழுத்துகளுக்கு ஒட்டிவைக்கிறார்கள். இது ஆளின் பெயர், இது அவருடைய ஊர், இது போன் நம்பர் என்று. சமையலறை டப்பாக்களில் 'துவரை', 'உளுந்து' என்று எழுதி ஒட்டுவது போலத்தான். தேடுபொறிகளும் முகவரிப் புத்தகங்களும் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. மேலே ஒட்டியிருப்பதை அப்படியே நம்பும்.

இதில் மூத்தது விகார்டு. 1996-இல் 2.1 பதிப்பு வந்தது, 1998-இல் 3.0, 2011-இல் 4.0. இதில் பெயருக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று 'எஃப்என்'. முழுப்பெயர், நாம் எப்படி எழுதுகிறோமோ அப்படியே. இன்னொன்று 'என்'. இதுதான் வில்லங்கம். இந்த வரிக்குள் ஐந்து அறைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு அரைப்புள்ளி. முதல் அறை குடும்பப் பெயர், இரண்டாவது சொந்தப் பெயர், மூன்றாவது கூடுதல் பெயர்கள், நான்காவது டாக்டர் போன்ற முன் அடைமொழி, ஐந்தாவது பின்னால் வரும் பட்டம். வரிசையைக் கவனியுங்கள். முதல் அறையே குடும்பப் பெயருக்கு. நம்மில் பலரிடம் இல்லாத ஒன்றுக்கு முதல் மரியாதை.

விகார்டை அப்படியே வலைப்பக்கத்துக்குள் கொண்டுவரும் முயற்சியாக ஹெச்கார்டு என்ற முறை 2005 வாக்கில் பரவியது. டான்டெக் செலிக் என்பவர் முன்னின்று செய்தது. வலைப்பக்கம் செய்கிறவர் 'என்' வரியைத் தனியாகக் கொடுக்கச் சோம்பல்பட்டால் கம்ப்யூட்டரே ஊகித்துக்கொள்ள அதில் ஒரு விதி உண்டு. பெயரில் சரியாக இரண்டு சொற்கள் இருந்தால் முதலாவது சொந்தப் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். ஆனால் இரண்டாவது சொல் ஒற்றை எழுத்தாக இருந்தால் தலைகீழ். அப்போது முதல் சொல்தான் குடும்பப் பெயர், அந்த ஒற்றை எழுத்து சொந்தப் பெயரின் சுருக்கம்.

வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நல்ல விதி. இப்போது நம் கந்தசாமியை ஆங்கில எழுத்தில் எழுதி இதற்குள் போட்டுப் பாருங்கள். 'எஸ். கந்தசாமி' என்றால் சொந்தப் பெயர் எஸ். 'கந்தசாமி எஸ்' என்று திருப்பிப் போட்டாலும் சொந்தப் பெயர் எஸ்! இனிஷியலை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் மனிதர் எஸ் ஆகிவிடுகிறார். சரி, விரித்து 'கந்தசாமி சோமசுந்தரம்' என்று எழுதினால் சொந்தப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் அப்பா குடும்பப் பெயராகிவிடுவார்.

இன்று அதிகம் புழங்குவது ஸ்கீமா டாட் ஆர்க். 2011 ஜூனில் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த குறிச்சீட்டுப் பட்டியல் அது. அந்த ஆண்டு இறுதிக்குள் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. அதில் 'பெர்சன்', அதாவது ஆள் என்ற வகைக்குள் நேம், கிவன்நேம், ஃபேமிலிநேம், அடிஷனல்நேம், ஆல்டர்நேட்நேம் என்று பல சீட்டுகள் உண்டு. ஃபேமிலிநேம் என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம், அமெரிக்காவில் ஒருவரின் லாஸ்ட் நேம் என்பது. அமெரிக்காவில் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் கவனிப்பதில்லை.

அப்பா பெயருக்கென்று தனிச் சீட்டு அந்தப் பட்டியலில் கிடையாது. விக்கிப்பீடியாவின் தகவல் கிடங்கான விக்கிடேட்டா இந்த விஷயத்தில் மேல். அங்கே குடும்பப் பெயருக்கு பி734, சொந்தப் பெயருக்கு பி735, பெற்றோர் வழி வரும் பெயருக்கு பி5056 என்று தனித்தனியே எண் கொடுத்திருக்கிறார்கள். அப்பா பெயரை குடும்பப் பெயர் அறையில் திணிக்க வேண்டிய அவசியமில்லை.

மதுரையே பெயரான கதை

கந்தசாமி என்ற பெயரை எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? பான் கார்டுக்கான 49ஏ படிவத்திலிருந்து. ஆண்டுக்கணக்கில் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். பெயரை எப்படி எழுதுவது என்பதற்கு அதன் பின்பக்கக் குறிப்பில் ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்கள். எம்.எஸ். கந்தசாமி என்பவரின் முழுப்பெயர் மதுரை சோமசுந்தரம் கந்தசாமி. இவர் லாஸ்ட் நேம் கட்டத்தில் கந்தசாமி என்றும், ஃபர்ஸ்ட் நேம் கட்டத்தில் மதுரை என்றும், மிடில் நேம் கட்டத்தில் சோமசுந்தரம் என்றும் எழுத வேண்டும். ஊர் பெயர் ஃபர்ஸ்ட் நேம், சொந்தப் பெயர் சர்நேம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் அதை லாஸ்ட் நேம் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றவற்றைக் காலியாக விட வேண்டும்.

முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பழைய வழக்கப்படி ஊர், அப்பா, சொந்தப் பெயர் என்ற வரிசையில் எழுதினால் சொந்தப் பெயர் கடைசியில் வந்து நிற்கும். வெளிநாட்டார் கடைசிச் சொல்லைப் பிடித்துக் கூப்பிட்டால் தற்செயலாகச் சரியாகிவிடும். சி.வி. ராமன், சுப்ரமணியன் சந்திரசேகர், சீனிவாச ராமானுஜன் மூவரையும் உலகம் அவரவர் சொந்தப் பெயரில்தான் அழைக்கிறது. ராமன் விளைவு, சந்திரசேகர் எல்லை என்பவற்றில் இருப்பது குடும்பப் பெயர் இல்லை. (ராமானுஜர் பிறந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் மூன்றாவது பெயரில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.) நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் தன் பெயரிலேயே சீர்காழி ஊரையும் அப்பாவையும் சுமந்தவர். 1934-இல் நூலகப் பட்டியல் விதிகளை எழுதியபோது தென்னிந்தியப் பெயர்களுக்கென்று தனியாக விதி சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தத் தலைவலி இருந்தது.

செஸ் ரசிகர்களுக்கு இன்னொரு உதாரணம். விஸ்வநாதன் ஆனந்த் என்பதில் ஆனந்த் அவர் பெயர், விஸ்வநாதன் அப்பா பெயர். முன்னால் இருப்பதுதான் அழைக்கும் பெயர் என்று நினைத்த வெளிநாட்டு நண்பர்கள் செல்லமாகச் சுருக்கியதுதான் 'விஷி'. அதாவது அவருடைய அப்பாவின் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டார்கள். உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் பட்டியலில் ஆனந்த், விஸ்வநாதன் என்று நடுவே காற்புள்ளியோடு இருக்கிறது. அடுத்த தலைமுறையில் பிரக்ஞானந்தா ஆர், குகேஷ் டி என்று பெயருக்குப் பின்னால் இனிஷியல் வருகிறது. ஒரே பட்டியலில் இரண்டு முறைகள்.

இனிஷியல் பின்னால் போனதிலிருந்துதான் சிக்கல் அதிகமாகிறது என்பது என் கருத்து. பின்னால் நிற்கும் எழுத்தை விரிக்கச் சொன்னால் அப்பா பெயர் லாஸ்ட் நேம் ஆகிறது. மெயிலும் அவருக்கே வருகிறது.

காலிக் கட்டம் காலி இல்லை

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நம்மிடம் ஏன் குடும்பப் பெயர் இல்லை? முன்பு பலருக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது, சாதிப் பட்டம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அங்கே 1929 பிப்ரவரியில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது மெல்ல மெல்ல வழக்கமாகி இன்று பெரும்பாலான தமிழர் பெயர்களில் அப்பா இனிஷியல் மட்டும் நிற்கிறது. ஆகவே லாஸ்ட் நேம் கட்டத்துக்கு முன்னால் நாம் தடுமாறுவது தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று எடுத்துப் போட்ட ஒன்றை அந்தக் கட்டம் திரும்பக் கேட்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பாமல் மேலே போகக்கூடாது என்று வேறு சொல்கிறது.

என் கடைக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் தம்பி தங்கைகளிடம் இதன் விளைவைத் தினம் பார்க்கிறேன். ஒரு பெண் வருங்கால வைப்பு நிதிப் பணம் எடுக்க வந்தார். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான், அதில் இனிஷியலோடு பெயர் இருந்தது. அவர் வேலை செய்த நிறுவனத்தின் பதிவில் அப்பா பெயர் முழுதாக விரிந்து லாஸ்ட் நேமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பின் எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. பெயர் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, பழைய நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்கி, பணம் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அண்ணன் கல்யாணச் செலவுக்கு வேண்டிய பணம் அது, கல்யாணம் முடிந்த பிறகு வந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனையோ பேருடைய பெயர் குமார் என்றோ குமாரி என்றோ முடிகிறது. அதுவும் குடும்பப் பெயர் இல்லை. கட்டத்துக்காக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னும் பெரிய இடி. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் நுழைய முடியாது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் அப்பா பெயர் அச்சாகியிருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயரை சர்நேம் கட்டத்தில் வைத்துவிட்டு, ஃபர்ஸ்ட் நேம் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஒரே ஒரு பெயர் வைத்திருப்பவரிடம் பெயர் தெரியவில்லை என்கிறது விசா.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

பெரிய விதிகளை நாம் மாற்ற முடியாது. நம் கையால் நிரப்பும் இடங்களையாவது சரியாக நிரப்பலாம். ஒரு சின்னச் சோதனையிலிருந்து ஆரம்பிப்போம்.

உங்கள் போனில் 'எம் எஸ் கந்தசாமி' என்று ஒரு பெயரும், 'கந்தசாமி எம் எஸ்' என்று இன்னொரு பெயரும் சேமியுங்கள். கான்டாக்ட்ஸ் அமைப்பில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். அதைக் கொடுத்தால் விசிஎஃப் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ரைட் க்ளிக் செய்து, ஓப்பன் வித் மூலம் நோட்பேடில் திறங்கள். 'என்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். என் ஆண்ட்ராய்டு போன் முதலாமவருக்கு குடும்பப் பெயர் கந்தசாமி என்றது. இரண்டாமவருக்கு குடும்பப் பெயர் எஸ் என்றது. யாரும் கேட்காமலே அதுவாகப் பிரித்துக்கொள்கிறது. பெயரைத் தமிழில் சேமித்திருந்தால் அந்த வரியில் எழுத்துக்குப் பதில் சமக்குறியும் எண்ணுமாக நீளமாக ஏதோ தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தைப் பழைய முறையில் பொதிந்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்ப இம்போர்ட் செய்தால் தமிழாகவே வரும்.

இப்போது சரி செய்வோம். கூகுள் கான்டாக்ட்ஸில் பெயர் கட்டத்தின் பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை க்ளிக் செய்தால் முன்னொட்டு, மிடில் நேம் எல்லாம் விரியும். சொந்தப் பெயரை ஃபர்ஸ்ட் நேமில் போடுங்கள். இனிஷியலை மிடில் நேமில் போடுங்கள். லாஸ்ட் நேமைக் காலியாக விடுங்கள். இதற்கு எந்த நட்சத்திரமும் கிடையாது, காலியாக விட்டால் கோபித்துக்கொள்ளாது. திரு, திருமதி, டாக்டர் எல்லாம் முன்னொட்டில் போகட்டும். இதை ஃபர்ஸ்ட் நேமோடு சேர்த்து எழுதினால் அகர வரிசையில் உங்கள் உறவினர் பாதிப் பேர் 'தி'யில் போய் நின்றுவிடுவார்கள். என் பழைய நோக்கியா போனில் அப்படித்தான் நின்றார்கள்.

சொந்தமாக வலைப்பக்கம் வைத்திருப்பவர்கள் ஜேசன்-எல்டி என்ற முறையில் ஒரு சிறு துண்டை அந்தப் பக்கத்துக்குள் சேர்க்கலாம். 2014-இல் டபிள்யூ3சி அமைப்பு இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. குறிச்சீட்டுகளை எழுத்துகளுக்கு இடையே செருகாமல் ஒரே இடத்தில் பட்டியலாகக் கொடுத்துவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு எளிது. ஸ்கீமா டாட் ஆர்க் தளத்தில் பெர்சன் பக்கத்தின் அடியில் மாதிரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை நகல் எடுத்து உங்கள் விவரத்தை நிரப்புங்கள். நிரப்பும்போது நான் இப்போது பின்பற்றும் முறை இது. நேம் என்ற சீட்டில் முழுப்பெயரை, நீங்கள் கையெழுத்துக்குக் கீழே எப்படி எழுதுவீர்களோ அப்படியே எழுதுங்கள். இந்த ஒன்று சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிவன்நேமில் உங்களைக் கூப்பிடும் பெயர். அடிஷனல்நேமில் அப்பா பெயரோ அம்மா பெயரோ, எது உங்கள் இனிஷியலோ அது. ஃபேமிலிநேம் சீட்டையே எழுதாதீர்கள். வெற்று மேற்கோள் குறி போட்டு வைப்பதைவிட அந்த வரியை முழுதாக நீக்கிவிடுவது நல்லது.

உண்மையிலேயே குடும்பப் பெயர் உள்ளவர்கள் தாராளமாக ஃபேமிலிநேமில் போடலாம். தமிழ்நாட்டிலேயே வீட்டுப் பெயர் சொல்லும் தெலுங்குக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. குகேஷின் 'டி' தொம்மராஜு என்ற குடும்பப் பெயர்தான், அப்பா பெயர் இல்லை. ஒரே மாதிரி தெரியும் இனிஷியலுக்குப் பின்னால் வேறு வேறு சமாசாரம் இருக்கும். அதனால் அடுத்தவர் பெயரை நீங்களாக ஊகித்துப் பிரிக்காதீர்கள். கேட்டுவிடுங்கள். நான் கந்தசாமி அண்ணனிடம் கேட்டிருந்தால் முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

ஆல்டர்நேட்நேம் என்ற சீட்டை நம் ஆட்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நமக்குத்தான் அது அதிகம் தேவை. பெயரைத் தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் மூன்று மாதிரி எழுதுகிறோம். கந்தசாமிக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு இனிஷியலும் மாறுகிறது. மு.க.ஸ்டாலினும் எம்.கே.ஸ்டாலினும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்காத கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணை போட்ட பிறகு இப்படி இரண்டு வடிவம் உள்ளவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வடிவங்களை எல்லாம் ஆல்டர்நேட்நேமில் வரிசையாகக் கொடுத்துவிட்டால் தேடுகிறவருக்கு எந்த எழுத்தில் தேடினாலும் நீங்கள் கிடைக்க வழி உண்டு.

எழுதி முடித்ததும் ஸ்கீமா மார்க்கப் வேலிடேட்டர் என்ற தளத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சரிபாருங்கள். இலவசம்தான். காற்புள்ளி, அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் சொல்லிவிடும். ஆனால் அப்பா பெயரை ஃபேமிலிநேமில் போட்டிருந்தால் ஒன்றும் சொல்லாது, 'பிழை இல்லை' என்றுதான் காட்டும். 2017-இல் நான் செய்த கார்டும் எல்லாச் சோதனையிலும் தேறியதுதான்.

உங்களில் யாராவது பிறர் நிரப்பும் படிவம் தயாரிப்பவராக இருந்தால், அது பள்ளிக்கூட சேர்க்கைப் படிவமோ குடியிருப்புச் சங்க எக்ஸெல் தாளோ எதுவானாலும், டபிள்யூ3சி 2011-இல் வெளியிட்ட உலகப் பெயர்கள் பற்றிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். ஊர், அப்பா, சொந்தப் பெயர், கடைசிப் பெயர் என்று நீளும் இந்தியப் பெயர் ஒன்றும் அதில் உதாரணமாக வருகிறது. அவர்கள் சொல்வது மிக எளிது. முழுப்பெயருக்கு ஒரே நீளக் கட்டம் வையுங்கள். தேவைப்பட்டால் 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று இன்னொரு கட்டம். ஆதார் ஒரே கட்டத்தோடு நூறு கோடிப் பேருக்கு மேல் பதிவு செய்துவிட்டது. இருபது வீட்டுச் சங்கத்துக்கு இரண்டு கட்டம் எதற்கு?

கந்தசாமி அண்ணனின் விகார்டை அன்றைக்கே திருத்தினேன். 3.0 பதிப்பில் 'என்' வரி கட்டாயம் என்பதால் அதை நீக்க முடியாது. அதனால் முதல் அறையைக் காலியாக விட்டு, வெறும் அரைப்புள்ளி போட்டு, இரண்டாவது அறையில் கந்தசாமி, மூன்றாவதில் எஸ் என்று வைத்தேன். 4.0 பதிப்பில் 'எஃப்என்' மட்டும் இருந்தாலே போதும். ஆனால் அன்று பலருடைய பழைய மென்பொருள் அதைப் படிக்கவில்லை. அடுத்து வந்த மெயில் 'டியர் கந்தசாமி' என்று ஆரம்பித்தது. மிஸ்டர் போய்விட்டது என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆர்டர் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதைப் படித்துவிட்டு முகவரிப் புத்தகத்தில் இருக்கும் முந்நூறு பேரையும் ஒரே நாளில் திருத்த உட்காராதீர்கள். முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகலை பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தினம் பத்துப் பேராகப் பாருங்கள். 'பால்காரர்', 'கேஸ்', 'மோட்டார் ரிப்பேர்' என்று சேமித்திருப்பவர்களின் உண்மைப் பெயர் தெரியவில்லை என்றால் அடுத்த முறை அவர்கள் வரும்போது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பால்காரரின் பெயர் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, பதினொரு வருடம் கழித்து.